பேஸ்ட் கட்டளையில் காற்புள்ளி போட்டால் பதிவெண்ணை மதிப்பெண் விழுங்குகிறது

கத்துக்குட்டி:
என்னிடம் இரண்டு உரைக் கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் வரிக்கு ஒரு பதிவெண், மற்றதில் வரிக்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே கோப்பாக்க வேண்டும். லினக்ஸில் வெறும் பேஸ்ட் போட்டால் ஒழுங்காக வருகிறது:

பேஸ்ட் எண்கள் மதிப்பெண்கள்
100234  55

நடுவில் காற்புள்ளி வேண்டுமென்று -டி சேர்த்தால் இப்படி:

பேஸ்ட் -டி ',' எண்கள் மதிப்பெண்கள்
,55234

எல்லா வரியும் இதே கதைதான். -டி-யைத் தப்பாகப் போடுகிறேனா?

வழிப்போக்கன்:
மேற்கோள்குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கத்துக்குட்டி:
பார்த்தாயிற்று. அதேதான்.

கருந்திரை:
-டி பாவம், அதை விட்டுவிடுங்கள். எண்கள் கோப்பு விண்டோஸ் கணினியிலிருந்து வந்ததா? இதை ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் காட்டும் (ஏ ஆங்கிலப் பெரிய எழுத்து):

கேட் -ஏ எண்கள்

வரிக் கடைசியில் வெறும் $ இருந்தால் நான் சொல்வது தப்பு. ^எம்$ என்று இருந்தால் அதுதான் குற்றவாளி.

விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் 13, 10 என்ற எண்கள் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகளால் முடிக்கும். லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். ^எம் என்று தெரிவது அந்த 13, $ என்பது வரி முடிவு. பேஸ்ட் அந்த 10-ஐ மட்டும் கழற்றிவிட்டு ஒட்டுகிறது, 13 நடுவிலேயே தங்கிவிடுகிறது. 13-க்கு அர்த்தம் 'வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு', பழைய தட்டச்சுப் பொறியில் உருளையை இழுத்துத் தள்ளுவோமே, அதே வேலை. அதனால் 100234 எழுதி, முதல் இடத்துக்குத் திரும்பி, அதன் மேலேயே ,55 எழுதுகிறது. மிச்சம் 234. எண் எங்கும் போகவில்லை, கோப்பில் முழுசாக இருக்கிறது. திரையில்தான் மறைந்தது.

காற்புள்ளி இல்லாதபோது சரியாக வந்தது என்றீர்களே, அதுவும் சரியில்லை. -டி இல்லாவிட்டால் பேஸ்ட் நடுவில் டேப் வைக்கும். முதல் இடத்திலிருந்து டேப் எட்டு இடம் தாண்டிக் குதிக்கும், வழியில் எதையும் அழிக்காது. ஆறு இலக்க எண் தப்பித்துக்கொண்டது. ஒன்பது இலக்கமாக இருந்திருந்தால் அப்போதே மாட்டியிருப்பீர்கள்.

டிஆர் -டி '\ஆர்' < எண்கள் > எண்கள்-புது

இது 13-ஐ மட்டும் நீக்கி எண்கள்-புது என்ற கோப்பில் எழுதும். பிறகு எண்கள்-புதுவை வைத்து ஒட்டுங்கள்.

கத்துக்குட்டி:
^எம்$ தான்! ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். எதற்கு இன்னொரு கோப்பு என்று > பக்கத்திலும் எண்கள் என்றே கொடுத்தேன். இப்போது ஒட்டினால் ,55 ,71 என்று வருகிறது, பதிவெண்ணே இல்லை.

கருந்திரை:
அடடா. > பார்த்ததுமே ஷெல் (நாம் தட்டும் கட்டளையை ஓட்டும் நிரல்) அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும், டிஆர் தொடங்குவதற்கு முன்பே. படிக்க ஒன்றும் மிஞ்சாது. நானும் இரண்டு முறை இதில் விழுந்திருக்கிறேன். மூலப் பிரதி இருக்கிறதா?

கத்துக்குட்டி:
நல்லவேளை, மின்னஞ்சல் இணைப்பில் இருந்தது. மறுபடி இறக்கிச் செய்தேன். 100234,55 என்று வந்துவிட்டது.

வரிப்புலி:
ஒட்டியதை அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம். பேஸ்ட் வரி எண்ணை மட்டும்தான் பார்க்கும், எந்த மதிப்பெண் யாருடையது என்று அதற்குத் தெரியாது. நடுவில் ஒரு பதிவெண் விட்டுப்போயிருந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா மதிப்பெண்ணும் ஆள் மாறிப் போகும், ஒரு எச்சரிக்கையும் வராது. டபிள்யூசி -எல் போட்டு இரண்டிலும் எத்தனை வரி என்று பாருங்கள். மதிப்பெண் கோப்பிலும் பதிவெண் இருந்திருந்தால் பேஸ்ட்டே வேண்டாம், இரண்டையும் சார்ட் போட்டு வரிசைப்படுத்தி, பதிவெண்ணை வைத்துப் பொருத்தும் ஜாயின் போடச் சொல்லியிருப்பேன்.

கத்துக்குட்டி:
எண்கள்-புது 211, மதிப்பெண்கள் 212. வயிற்றைக் கலக்குகிறது.

வரிப்புலி:
பொறுங்கள். டபிள்யூசி எண்ணுவது வரி முடிவுக் குறிகளை. எண்கள்-புதுவுக்கு கேட் -ஏ போட்டுக் கடைசி வரியைப் பாருங்கள், $ இருக்கிறதா?

கத்துக்குட்டி:
கடைசி வரியில் மட்டும் $ இல்லை.

வரிப்புலி:
அப்போது அதிலும் 212 தான். கடைசி வரியில் எண்டர் தட்டாமல் சேமித்திருக்கிறார்கள். பேஸ்ட் அதைச் சமாளித்துக்கொள்ளும். நடுவில் நாலைந்து பதிவெண்ணை மட்டும் கையால் ஒத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கத்துக்குட்டி:
ஐந்து பார்த்தேன், ஐந்தும் சரி. நன்றி, இருவருக்கும்.