ஆறாவது வாரத்தில் தளரும் கிளையன்ட்கள்: ட்ரெய்னர் பக்கம் என்ன மாற்ற வேண்டும்?

காலை_பேட்ச்:

வணக்கம். தனிப் பயிற்சிக்கு வருபவர்களைத் தொடர்ந்து வரவைப்பது பற்றி ஒரு கேள்வி. பெரும்பாலும் 30–50 வயதுக்காரர்கள், முன்பு ஜிம் பழக்கம் இல்லாதவர்கள். வாரம் 3 செஷன், ஒவ்வொன்றும் 60 நிமிடம். கிட்டத்தட்ட எல்லோருக்கும் எடை குறைய வேண்டும் என்பதுதான் இலக்கு.

முதல் மாதம் ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் ஒரு செஷன் கேன்சல் ஆகிறது. பிறகு "இந்த வாரம் வேலை அதிகம், அடுத்த வாரம் பார்ப்போம்" என்று வருகிறது. எட்டாவது வாரத்தில் போனை எடுப்பதே இல்லை.

இப்போது செய்துவருபவை: தினமும் காலையில் உற்சாகமூட்டும் வாசகம் அனுப்புவது, மற்றவர்களின் 'முன்–பின்' படங்களைக் காட்டுவது, சலிப்புத் தட்டக் கூடாதென்று ஒவ்வொரு நாளும் புதுப் பயிற்சி, கடைசி 5 நிமிடம் பர்பி (குனிந்து தரைக்குப் போய், எழுந்து குதிக்கும் வேகப் பயிற்சி), வாரம் ஒருமுறை எடை பார்ப்பது. இவற்றில் எது உதவுகிறது, எது கெடுக்கிறது? எண்ணிக்கையோடும் செய்முறையோடும் சொன்னால் நன்றாக இருக்கும்.

எட்டாவது_ரெப்:

நீங்கள் சொன்ன ஐந்தில் இரண்டு, கிளையன்ட் தன் முன்னேற்றத்தைத் தானே பார்க்க முடியாதபடி மறைக்கின்றன: வாரம் ஒருமுறை எடை பார்ப்பதும், தினம் ஒரு புதுப் பயிற்சியும். முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

புதிதாக வருபவருக்கு முதல் சில வாரங்களில் பலம் கிடுகிடுவென ஏறும். அதற்குள் தசை பெரிதாக வளர்ந்திருக்காது. ஏற்கெனவே இருக்கிற தசையை முழுதாக இயக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருகிற ஏற்றம் அது. ஒரு மாதம் போனால் அந்த வேகம் தானாகக் குறையும். கண்ணாடியில் தெரிகிற மாற்றத்துக்கு இன்னும் சில வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் உங்கள் கிளையன்ட் நிற்கிறார்: பழைய வேகம் போய்விட்டது, புது உருவம் இன்னும் வரவில்லை, தராசும் நகரவில்லை.

தராசு ஏன் நகரவில்லை? பயிற்சி தொடங்கியதும் தசையில் கிளைக்கோஜன் (உடல் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து) சேமிப்பு கூடும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். உப்பு, தூக்கம், மாதவிடாய்ச் சுழற்சி எல்லாம் சேர்ந்தால் ஒரே வாரத்துக்குள் 1–2 கிலோ மேலும் கீழும் போவது சாதாரணம். ஒருவர் மாதத்துக்கு ஒரு கிலோ கொழுப்பைக் குறைத்துக்கொண்டிருந்தால், வாரத்தில் ஒரே நாள் பார்க்கிற எடை அதைக் காட்டவே காட்டாது. ஒழுங்காக உழைத்தவர் திங்கட்கிழமை ஏறி நின்று 600 கிராம் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போவார். ஆகவே இரண்டில் ஒன்று செய்யுங்கள். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்த பின் எடை எடுத்து, 7 நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். அந்த எண் மனதைக் கலைக்கிறது என்றால் முதல் 8 வாரம் தராசையே எடுக்காதீர்கள்.

பதிலாக எதை அளப்பது? இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், 4 வாரத்துக்கு ஒருமுறை. கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்பதும் நல்ல அளவு. ஒவ்வொரு முறையும் அதே நாற்காலியாக இருக்கட்டும். காலையில் விழித்ததும் நாடித்துடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சி நோட்டு.

அந்த நோட்டு பேச வேண்டுமென்றால் பயிற்சி மாறக்கூடாது. திங்கள் ஒன்று, புதன் இன்னொன்று என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) ஒன்று, டெட்லிஃப்ட் மாதிரி இடுப்பில் மடங்குகிற அசைவு ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று. இந்த நான்கும் 8 வாரம் அப்படியே இருக்கட்டும். சலிப்புத் தட்டுமோ என்ற பயம் இருந்தால் கடைசி 10 நிமிடத்தை மட்டும் மாற்றுங்கள். தூக்கும் எடை அதே, ரெப் (ஒரு செட்டில், அதாவது நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றில், எத்தனை முறை) 8-லிருந்து 12 வரை ஏறட்டும். மூன்று செட்டிலும் 12 வந்தபிறகு எடையைக் கூட்டி மறுபடி 8-லிருந்து. கீழ் உடலுக்கு 2.5–5 கிலோ, மேல் உடலுக்கு 1–2.5 கிலோ.

இதில் பலர் கவனிக்காத ஒரு குழி உண்டு. பல டம்பெல் ரேக்கில் 5 கிலோவுக்கு அடுத்தது 7.5 கிலோதான். அது 50 சதவீத ஏற்றம். தோள் பயிற்சியில் 5 கிலோவில் 12 எடுத்தவர் 7.5-ல் நான்கோடு நின்றுவிடுவார், "பின்னால் போய்விட்டேன்" என்று நினைப்பார். அங்கே 15–18 ரெப் வரை போய்விட்டுத்தான் ஏற்ற வேண்டும். பார் பெல் என்றால் 0.5 அல்லது 1.25 கிலோ தட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டைக் கிளையன்டே தன் கையால் எழுதட்டும். ஒரு வரி போதும்:

முதல் வாரம்: ஸ்குவாட், 20 கிலோ, 8-8-6, கைவசம் 1.
ஆறாவது வாரம்: ஸ்குவாட், 30 கிலோ, 10-10-9, கைவசம் 2.

'கைவசம்' என்றால், செட்டை நிறுத்தியபோது இன்னும் எத்தனை ரெப் நல்ல முறையில் எடுத்திருக்க முடியும் என்ற கணக்கு. நான்காவது வார இறுதியில் செஷனிலிருந்தே 10 நிமிடம் ஒதுக்கி, முதல் வாரப் பக்கத்தையும் அந்த வாரப் பக்கத்தையும் அருகருகே வைத்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். ஆறாவது வாரம் வரை காத்திருந்தால் தாமதம்.

மூச்சு_கணக்கு:

மேலே சொன்னது முழுக்கச் சரி. பர்பி விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத தீவிரத்துக்கு மேலே போனால், அனேகமாக எல்லோருக்குமே அந்த நேரத்து உணர்வு கீழே விழும். ஹார்டி, ரெஜெஸ்கி இருவரும் 1989-ல் வெளியிட்ட +5 முதல் −5 வரையிலான 'உணர்வு அளவுகோல்' இதற்கு எளிய கருவி. +5 என்றால் மிக நன்றாக இருக்கிறது, 0 என்றால் இரண்டுமில்லை, −5 என்றால் மிக மோசம். செஷனில் மூன்று இடத்தில் கேளுங்கள்: வார்ம்-அப் முடிந்ததும், நடுவில், கடைசியில். புதியவர் கடைசியில் +1-க்குக் கீழே சொல்லி வீட்டுக்குப் போனால் அடுத்த செஷன் ஆபத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு எப்படி இருந்தது என்பதுதான் நினைவில் நிற்கும். ஜென்கோ, எக்கெகாகிஸ், ஏரியலி ஆகியோர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 15 நிமிட சைக்கிள் பயிற்சி. ஒரு குழுவுக்குத் தீவிரம் ஏறிக்கொண்டே போனது, இன்னொரு குழுவுக்கு இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கிவந்த குழுதான் அந்தப் பயிற்சியை அதிக இனிமையாக நினைவுகூர்ந்தது, அடுத்ததும் இனிமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தது. எனவே கடினமானதை வார்ம்-அப் முடிந்த முதல் 20 நிமிடத்தில் வைத்துவிடுங்கள். கடைசி 5 நிமிடம் அவருக்குக் கைவந்த பயிற்சி ஏதாவது, பிறகு மெதுவான நடை. பர்பி வேண்டாம்.

தசை வலியையும் கணக்கில் எடுங்கள். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அது உச்சத்தில் இருக்கும். எடையைக் கீழே இறக்குகிற பகுதிதான் இதற்கு முக்கியக் காரணம்; அதனால்தான் லன்ஜ் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்கும் பயிற்சி) செய்த மறுநாள் படி இறங்க முடியவில்லை. அதே பயிற்சியைத் திரும்பச் செய்தால் உடல் பழகி, வலி பெரிதும் குறைந்துவிடும். தினமும் பயிற்சியை மாற்றினால் இந்தப் பாதுகாப்பு சேரவே சேராது. ஒவ்வொரு வாரமும் முதல் வாரமாகவே வலிக்கும். "வேலை அதிகம்" என்று வருகிற கேன்சலில் சில, உண்மையில் தொடை வலி. புது அசைவு எதுவானாலும் முதல் நாள் 2 செட், கைவசம் 4. அவ்வளவுதான்.

ஒரு_செட்_குறைவு:

ரெண்டு பேரும் செஷனுக்குள்ள நடக்கிறதைச் சொல்லிட்டாங்க சகோ. செஷனுக்கு வெளிய நடக்கிற பேச்சைப் பத்திச் சொல்றேன்.

காலை வாசகத்தை நிறுத்திடுங்க. ஒரே வாசகம் பத்துப் பேருக்குப் போகுதுன்னு அவங்களுக்கும் தெரியும். அடுத்தவங்க படமும் வேணாம்; "எனக்கு மட்டும் ஏன் வரல?"ன்னுதான் தோணும்.

மில்லர், ரோல்னிக்ங்கிற ரெண்டு உளவியலாளர்கள் வளர்த்த ஊக்க உரையாடல் முறையில ஒரு கேள்வி இருக்கு, ட்ரெய்னருக்கு ரொம்பப் பயன்படும். "அடுத்த ரெண்டு வாரம் மூணு செஷனும் வந்துடுவேன்னு 0-லிருந்து 10-க்குள்ள எவ்வளவு நம்பிக்கை?" அவர் 5-ன்னு சொல்றார்னு வைங்க. "ஏன் 10 இல்ல?"ன்னு கேட்டா சாக்குப் பட்டியல் வரும். "ஏன் 5? 2-ன்னு சொல்லலையே?"ன்னு கேளுங்க. வர்றதுக்கான காரணத்தை அவரே சொல்ல ஆரம்பிப்பார். நீங்க குறுக்க பேசாம கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்க. அப்புறம், "இதை 8 ஆக்கணும்னா திட்டத்துல எதைக் குறைக்கணும்?" பெரும்பாலும் "ரெண்டு நாள்னா முடியும்"னு வரும். சரின்னு சொல்லுங்க. உலக சுகாதார அமைப்போட 2020 வழிகாட்டுதல்ல பெரியவங்களுக்குத் தசைப் பயிற்சி வாரம் 2 நாளாவது வேணும்னுதான் இருக்கு. மூணு நாள் திட்டத்துல தோத்துப்போறவர், ரெண்டு நாள் திட்டத்துல ஜெயிக்கிறவரா மாறிடுவார்.

தவறின செஷனுக்குப் போற மெசேஜ் முக்கியம். "நேத்து ஏன் வரல?"ன்னு கேட்டா விளக்கம் சொல்லணும், சொல்லக் கூச்சப்பட்டு போனை எடுக்க மாட்டாங்க. 24 மணி நேரத்துக்குள்ள இப்படி அனுப்பிப் பாருங்க:

"வியாழன் 6.30 உங்களுக்கு வச்சிருக்கேன். 30 நிமிஷம் மட்டும் செய்வோம், ஸ்குவாட்டும் ரோவும். சரின்னா 1, வேற நேரம்னா 2 அனுப்புங்க."

விட்டதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, பதில் போடறதுக்கு ஒரு எழுத்து போதும்.

திரும்பி வர்ற அன்னிக்கு என்ன கொடுக்கணும்னும் முன்னாடியே தீர்மானிச்சு வைங்க. ஒரு வாரம் விட்டிருந்தா அதே எடை, ஒரு செட் குறைவு. ரெண்டு, மூணு வாரம்னா எடையில 10–20 சதவீதம் குறைச்சு, செட் பாதி. அந்த இடைவெளியில பலம் பெருசா போயிடாது. மூச்சுதான் முதல்ல வாங்கும். இதை முதல் வாரத்துலேயே சொல்லிடுங்க. விட்ட வாரத்தை "ஈடு கட்டறேன்"னு கூடுதலா கொடுத்தீங்கன்னா, மறுநாள் வலியிலேயே ஆள் போயிடுவார்.

அப்புறம் இந்த "21 நாள்ல பழக்கம் ஆயிடும்"ங்கிற பேச்சு. தயவுசெஞ்சு சொல்லாதீங்க. பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் செஞ்ச ஆய்வுல, தினமும் செய்யற சின்னச் செயலே தானா வர்ற நிலைக்குப் போக நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரைக்கும் மாறுச்சு. வாரம் மூணு நாள்னா இன்னும் இழுக்கும். 21 நாளை நம்பினவர் நாலாவது வாரத்துலயும் சோம்பல் வந்தா தன்கிட்டதான் கோளாறுன்னு நினைப்பார். அதே ஆய்வுல ஒரு நாள் விட்டது பழக்கத்தைக் கெடுக்கலைன்னும் வந்தது, அதைச் சொல்லுங்க.

தடை வர்றதுக்கு முன்னாடியே 'இப்படி ஆனா இதைச் செய்வேன்'னு ஒரு வரி எழுதி வாங்கிடுங்க. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரோட ஆய்வுகள்ல இது நல்லா நிலைபெற்ற விஷயம். "மீட்டிங் 6 மணியைத் தாண்டிச்சுன்னா, வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழட்டின இடத்துலேயே நாற்காலி ஸ்குவாட் 10, சுவர் புஷ்-அப் 10, ரெண்டு சுத்து." இடமும் நேரமும் இல்லாத வரி வேலை செய்யாது.

காலை_பேட்ச்:

மூவருக்கும் நன்றி. நான்காவது வாரச் சந்திப்பையும் அந்த மெசேஜையும் இந்த வாரமே தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: டாக்டர் சொன்னதால் வருகிறவர்கள் சிலர், "நீங்கள் சொல்வதைச் செய்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறார்கள். தேர்வை அவர்களிடம் விட்டால் குழம்புகிறார்கள்.

எட்டாவது_ரெப்:

"என்ன செய்யலாம்?" என்று திறந்து கேட்டால் யாரும் குழம்புவார்கள். எப்போதும் இரண்டில் ஒன்று. "இன்று முதலில் தள்ளுவதா, இழுப்பதா?" "12 ரெப் மூன்று செட்டா, 9 ரெப் நான்கு செட்டா?" மொத்தம் இரண்டிலும் 36 ரெப்தான், ஆனால் எடுத்த முடிவு அவருடையது. உளவியலாளர்கள் டெசி, ரயான் இருவரின் கோட்பாட்டில் ஊக்கம் நிலைக்கத் தன்னுரிமை, திறமை உணர்வு, உறவு என மூன்று வேண்டும். வெளியிலிருந்து தள்ளப்பட்டு வருபவருக்கு முதலாவதுதான் பற்றாக்குறை. மூன்றாவது வாரத்திலிருந்து வார்ம்-அப்பை அவரையே நடத்தச் சொல்லுங்கள். எண்ணுவதும் அவரே எண்ணட்டும்.

மூச்சு_கணக்கு:

டாக்டர் அனுப்பியவர்கள் என்றதால் ஒரு திருத்தம். மேலே சொன்ன காலை நாடித்துடிப்பை இவர்களிடம் கேட்கும் முன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவருக்கு ஓய்விலும் பயிற்சியிலும் துடிப்பு குறைவாகவே காட்டும்; அதை முன்னேற்றம் என்று சொல்லிவிடாதீர்கள், வாட்சில் வரும் 'இலக்குத் துடிப்பை' எட்டச் சொல்லி விரட்டவும் வேண்டாம். பேசும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும், 0–10 உழைப்பு அளவையும் வைத்தே நடத்துங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் என்றால் அங்கேயே நிறுத்தி டாக்டரிடம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே ஆர்வமில்லை, தூக்கமில்லை என்று ஒருவர் சொன்னாலும் அதேதான். அதை ஊக்கக் குறைவு என்று நினைத்து நாம் கையாளக் கூடாது.