மழைமானியில் பெய்த மழையைவிட லாகரில் அதிக மழை: பல்ஸ் ஏன் கூடுதலாக விழுகிறது?

யீஷூன்வாசி:
புளோக் கீழே சமூகத் தோட்டத்தில் 0.2 மி.மீ. டிப்பிங் பக்கெட் மழைமானி (0.2 மி.மீ. மழை சேர்ந்ததும் உள்ளே சின்ன பக்கெட் ஒரு தடவை கவிழும்). உள்ளே ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடும்), இரண்டே கம்பி. 15 மீட்டர் கேபிள் வழியாக 3.3 வோல்ட் லாகரின் (பதிவுக் கருவி) பல்ஸ் இன்புட்டுக்குப் போகிறது; ஒரு கவிழ்ப்புக்கு ஒரு பல்ஸ் வரணும். 10 கிலோ ஓம் புல்-அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது இன்புட்டை 3.3 வோல்ட்டில் வைக்கும் ரெசிஸ்டர்) லாகருக்குள்ளேயே இருக்கு. பக்கத்தில் வைத்த சாதாரண மழைக்குவளையில் 31 மி.மீ., லாகரில் 44.6. மட்டம் பார்த்தாச்சு. கம்பியை மாற்றிப் போட்டால் சரியாகுமா?

கம்பிவேலை:
ஆகாது. ரீட் சுவிட்சுக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. ஓப்பன் கலெக்டர் (டிரான்சிஸ்டர் வெளியீடு) உள்ள ஃப்ளோ மீட்டராக (நீரோட்டம் அளக்கும் கருவி) இருந்தால்தான் அந்தக் கவலை.

முதலில் லாகரை ஒவ்வொரு பல்ஸின் நேரமும் பதியும்படி மாற்றுங்க. மணிக்கு 200 மி.மீ. கொட்டினாலும் பக்கெட் 3.6 வினாடிக்கு ஒரு தடவைதான் கவிழும். ஒரு வினாடிக்குள் இரண்டு விழுந்தால் அது மழையே இல்லை. எப்போதும் சரியாக இரண்டிரண்டாக வந்தால், லாகர் சுவிட்ச் மூடும்போதும் எண்ணுது, திறக்கும்போதும் எண்ணுது. செட்டிங்கில் ஒன்றை மட்டும் வையுங்க. சிலசமயம் ஒன்று, சிலசமயம் மூன்று என்றால் ரீட் துள்ளுது, அதாவது ஒரு தடவை மூடும்போது அதன் முனைகள் பலமுறை தொட்டு விலகுது. மழையே இல்லாதபோது விழுந்தால் கேபிளில் இரைச்சல், அல்லது கம்பம் ஆடுது. விடியற்காலை சுமத்ரா காற்றுக்கு (சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் பலத்த காற்று) மெல்லிய கம்பம் தாங்காது.

யீஷூன்வாசி:
பக்கெட்டைக் கையால் மெதுவாக 20 முறை கவிழ்த்தேன். பதிவு 29. சில கவிழ்ப்புக்கு ஒன்று, சிலதுக்கு இரண்டு.

கம்பிவேலை:
அப்போ துள்ளல்தான். லாகரில் டிபவுன்ஸ் (துள்ளலை எண்ணாமல் விடும்) செட்டிங் இருந்தால் 50 மில்லி விநாடி வைத்தாலே போதும். இல்லையென்றால் இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். உங்க 10 கிலோ ஓமுடன் சேர்ந்து 10 மில்லி விநாடி கிடைக்கும். ஆனால் கெப்பாசிட்டரை ரீட்டுக்கு நேராக இணைக்காதீங்க. மூடும் ஒவ்வொரு தடவையும் அதன் மின்சாரம் ஒரே பாய்ச்சலாகப் போய், நாளடைவில் ரீட்டின் முனைகள் ஒட்டிக்கும். சென்சார் கம்பியில் 470 ஓம் தொடராகப் போடுங்க. எல்லாம் சிம் லிம் டவரின் எலக்ட்ரானிக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் (டவர், சிம் லிம் ஸ்குவேர் இல்லை).

இதே சர்க்யூட்டை வேகமான ஃப்ளோ மீட்டருக்குப் போட்டால் உண்மையான பல்ஸையும் விழுங்கிடும்.

மின்னல்தடுப்பு:
நம்ம ஊர் இடிமழைக்கு 15 மீட்டர் கம்பி ஒரு ஆன்டெனா மாதிரி. முறுக்கிய ஜோடி, ஷீல்டு உள்ள கேபிள் போடுங்க; ஷீல்டை லாகர் முனையில் மட்டும் கிரவுண்ட் பண்ணுங்க. ஏர்கான் கம்ப்ரெஸர் வயரோடு சேர்த்துக் கட்டாதீங்க. லாகர் இன்புட்டில் ஒரு டிவிஎஸ் டயோடு (திடீர் மின்னழுத்த எழுச்சியை அடக்கும் பாகம்) இருக்கட்டும். பக்கத்தில் விழும் மின்னலின் தூண்டலுக்குத்தான் அது. நேராக விழுந்தால் எதுவும் காப்பாற்றாது.

கம்பிவேலை:
முடிந்ததும் புனலில் தண்ணீர் ஊற்றிச் சரிபாருங்க. வாய் 200 சதுர செ.மீ. என்றால் ஒரு கவிழ்ப்புக்கு 4 மி.லி., 500 மி.லி.க்கு 125 பல்ஸ். அரை மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக விடணும். வேகமாக ஊற்றினால் பக்கெட் கவிழும் நேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் சேராது, பல்ஸ் குறைவாகத்தான் வரும்.