மஸ்டங் ஜிடி 5.0: இன்டேக் மேனிஃபோல்ட் எது போடலாம், ரெவ் லிமிட் எவ்ளோ வரைக்கும் ஏத்தலாம்?

காவேரிப்பட்டணம்_வி8:

அண்ணனுங்களுக்கு வணக்கம். நமக்கு கிருஷ்ணகிரி பக்கம், வீட்ல மாங்கூழ் ஃபேக்டரி, சீசன் முடிஞ்சு இப்ப தான் கை கொஞ்சம் ஃப்ரீயா இருக்கு அதான் இந்த வேலைய எடுத்துருக்கேன். வண்டி 2017 மஸ்டங் ஜிடி, 5.0 வி8, செகண்ட்ஹேண்ட்ல எடுத்தது, நம்ம ஊருக்கு வந்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக் தான், 515 என்எம் டார்க். உள்ள எதையும் யாரும் தொடல, ஏர் ஃபில்டர் மட்டும் மாத்தியிருக்கு. மாமா பையன் அமெரிக்கால இருந்து தீபாவளிக்கு வர்றான், பெட்டில இடம் இருக்கு என்ன வேணும்னு கேக்கறான், நானும் இன்டேக் மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குள்ள காத்த ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்பற பாகம்)னு சொல்லிட்டேன், இப்ப எதுன்னு தெரியாம முழிக்கறேன். பாஸ் 302 மேனிஃபோல்ட், 2018 மஸ்டங் மேனிஃபோல்ட், ஜிடி350 மேனிஃபோல்ட் (பாஸ் 302, ஜிடி350 ரெண்டும் மஸ்டங்லயே ஸ்பெஷல் மாடல்) மூணுமே ஆளாளுக்கு சொல்றாங்க. ட்யூன் பண்றவர் ஒருத்தர் மேனிஃபோல்ட் மாத்திட்டா ரெவ் லிமிட்ட (எஞ்சின் நிமிஷத்துக்கு அதிகபட்சம் எத்தன சுத்து சுத்தலாம்கறது) 7000ல இருந்து 7800க்கு தூக்கிடலாம்ங்கறார், அது சேஃபா? ஓட்டறது எல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல ஓசூர் வரைக்கும் ஒரு ரவுண்டு, எப்பவாச்சும் கோயமுத்தூர் கரி ட்ராக். ரேஸ் எல்லாம் கெடையாது.

தோப்பூர்காரன்:

மச்சி யோசிக்கவே யோசிக்காத, பாஸ் 302 போடு. 6000க்கு மேல அது கத்தற சத்தத்துக்கே காசு குடுக்கலாம். 7800க்கு என்ன பயம், ஜிடி350 8250 போகுது, அதுவும் இதே குடும்பத்து எஞ்சின் தானே. வீடியோல அவனவன் 8000 அடிக்கறான், நீ இன்னும் 7000ல நின்னுட்டு இருக்க.

ஓசூர்_லேத்து:

தோப்பூர் தம்பி கோச்சுக்காத, ஜிடி350ல இருக்கறது 5.2 எஞ்சின், க்ராங்க்கே (பிஸ்டன் ஏறி எறங்கறத சுத்தா மாத்தற தண்டு) வேற, ஃப்ளாட் ப்ளேன்ங்கற வகை, உள்ள இருக்கற சாமான் எல்லாம் அந்த ஸ்பீடுக்குன்னே பண்ணது. அந்த மேனிஃபோல்ட கொண்டாந்து மேல வச்சா கீழ இருக்கற க்ராங்க் மாறிடுமா? பாஸ் 302 கூட 7500 வரைக்கும் போச்சுன்னா ஹெட் போர்ட்டிங், கேம், ஃபோர்ஜ்டு பிஸ்டன்னு அதுக்கு தனியா பண்ணி தான் 2012 மாடலா விட்டாங்க. பவர் எந்த ஆர்பிஎம்ல வரணும்கறது மேனிஃபோல்ட் வேலை. எந்த ஆர்பிஎம் வரைக்கும் எஞ்சின் உசுரோட இருக்கும்கறது கான்ராட் (பிஸ்டனையும் க்ராங்கையும் சேக்கற தண்டு), வால்வ் ஸ்ப்ரிங், ஆயில் பம்ப் வேலை. ரெண்டையும் போட்டு கொழப்பறதுல தான் நெறைய எஞ்சின் போகுது.

கணக்கு ரொம்ப சிம்பிள் தம்பி. உன் எஞ்சின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், 92.7 மில்லி. 7000ல பிஸ்டனோட சராசரி வேகம் செகண்டுக்கு 21.6 மீட்டர், 8000ல 24.7. பாத்தா கொஞ்சம் தானேன்னு தோணும், ஆனா கான்ராட இழுக்கற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால 7000ல இருந்து 7500 போனாலே 15 சதவீதம் கூட, 8000னா 31 சதவீதம் கூட. அதுலயும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிஞ்சு பிஸ்டன் மேல வந்து திரும்பற நேரத்துல மேல இருந்து அமுக்க கேஸ் ப்ரஷர் எதுவும் இருக்காது, மொத்த இழுப்பும் கான்ராட் போல்ட்டு மேல தான். வெடிக்கற அடிய விட இந்த இழுப்பு தான் போல்ட்ட சாகடிக்கும். 2015ல இருந்து வந்த 5.0ல கான்ராட், வால்வ் ஸ்ப்ரிங் ரெண்டும் முன்னாடி மாடல விட ஸ்ட்ராங்கா போட்டாங்க, அது வாஸ்தவம். அதுக்காக அளவே இல்லன்னு அர்த்தம் கெடையாது.

எனக்கு அத விட பயம் ஆயில் பம்ப் கியர் தான். க்ராங்க் மூக்குலயே நேரா உக்காந்து சுத்தற கியர், சின்டர்டு மெட்டல் (உலோகத்தூள அமுக்கி சுட்டது), நம்ம இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல தினம் பாக்கற ஐட்டம், அமுக்கறதுக்கு நல்லா தாங்கும் அதிர்ச்சிக்கு தாங்காது. லிமிட்டர்ல போய் டட் டட் டட்னு முட்டறப்ப ஸ்பார்க்கும் பெட்ரோலும் கட்டாகி கட்டாகி வரும் பாரு, அப்ப க்ராங்க் வெட்டி வெட்டி சுத்தும், அந்த வெட்டு நேரா கியர் பல்லுக்கு போகும். அது ஒடஞ்சா ஆயில் ப்ரஷர் ஜீரோ, நீ கால எடுக்கறதுக்குள்ள பேரிங் போயிரும். 7500 தாண்டணும்னா பில்லட் (முழு உலோகக் கட்டில இருந்து வெட்டி எடுத்த) ஆயில் பம்ப் கியரும் க்ராங்க் ஸ்ப்ராக்கெட்டும் மொதல்ல, மேனிஃபோல்ட் அப்புறம். ஃப்ரண்ட் கவர் மொத்தமும் கழட்டணும், செயின் டைமிங் திரும்ப புடிக்கணும், ஒரு நாள் வேலைன்னு எவனாச்சும் சொன்னா சாவிய திரும்ப வாங்கிட்டு வந்துரு.

அரூர்_டு_டெட்ராய்ட்:

லேத்து அண்ணன் சொன்னது அத்தனையும் கரெக்ட். நான் மேனிஃபோல்ட் பக்கம் மட்டும் சொல்றேன். இன்டேக் வால்வ் தொறக்கறப்ப ரன்னர் (மேனிஃபோல்ட்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் போற குழாய்) வழியா ஒரு அலை மேல போய் ப்ளீனத்துல (குழாய் எல்லாம் சேர்ற பொது அறை) முட்டி ப்ரஷரா திரும்பி வரும், வால்வ் மூடறதுக்கு முன்னாடி அது வந்து சேந்தா சிலிண்டர்ல கூடுதலா காத்து தள்ளும். ஆர்பிஎம் ஏற ஏற நேரம் கம்மி, அதனால ரன்னர் குட்டையா இருந்தா தான் அலை டயத்துக்கு வரும். பாஸ் 302 ரன்னர் குட்டை, மேல நல்லா இழுக்கும், கீழ டார்க் போயிடும்.

இப்ப ப்ரோவோட கியர்பாக்ஸ பாருங்க. இந்த ஆட்டோமேட்டிக்ல கியர் விகிதம் ஃபர்ஸ்ட் 4.17, செகண்ட் 2.34, தேர்ட் 1.52. ஃபர்ஸ்ட்ல 7000 வரைக்கும் இழுத்து செகண்ட் போட்டா ஆர்பிஎம் 3900 பக்கம் வந்து விழும். செகண்ட்ல இருந்து தேர்ட் போனா 4550. பாஸ் மேனிஃபோல்ட் முழிச்சுக்கறதே அதுக்கு மேல தான், ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் வண்டி மூச்சு வாங்கும். சரி 7800 வரைக்கும் இழுப்போம்னா அப்பவும் 4400 கிட்ட தான் விழும், அதுக்கு மேல சொன்ன அத்தனை ரிஸ்க்கும் எடுக்கணும். உங்க எஞ்சின் பீக் பவரே 6500ல, பீக் டார்க் 4250ல. கியர் நெருக்கமா இருக்கற மேனுவல் வண்டி, ட்ராக்ல மட்டும் ஓடற வண்டின்னா கதை வேற.

என் ஓட்டு 2018 மேனிஃபோல்ட்டுக்கு. மேல கொஞ்சம் கூடும், கீழ பெருசா எதுவும் போகாது, ரோட்ல ஓட்டறதுக்கு அதான். உங்க 2017ல மாட்ட வேக்குவம் லைன், கனெக்டர் கொஞ்சம் மாறும், அதனால தனித்தனியா வாங்காம கிட்டா வாங்க சொல்லுங்க. ஷிஃப்ட் பாயிண்ட் 7000 சுத்து, லிமிட்டர் 7200, அதோட நிறுத்திக்கோங்க, லிமிட்டர்ல முட்டாம ஓட்டற பழக்கம் இருந்தா போதும்.

இன்னொன்னு, இங்க நெறைய பேர் மாட்டிக்கறாங்க. அமெரிக்கால 93 ஆக்டேன் ட்யூன்னு குடுப்பாங்க, நம்ம பங்க்ல 95 இருக்கே தாராளமா போதும்னு நெனச்சுடாதீங்க. அவங்க நம்பர் எடுக்கற முறை வேற. நம்ம கணக்குல 91ங்கறது அங்க 87 மாதிரி, நம்ம 95 அங்க 91 மாதிரி. 93 ட்யூன போட்டு நம்ம 95 ஊத்தினா மே மாச வெயில்ல நாக் ஆகும் (சிலிண்டர்ல பெட்ரோல் தானா கண்டபடி வெடிக்கும்), நாக் சென்சார் டைமிங்க பின்னாடி இழுத்துரும், காசு குடுத்து வாங்கின பவரும் போச்சு. 91 ட்யூன் கேளுங்க, எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல்னும் சொல்லிடுங்க.

காவேரிப்பட்டணம்_வி8:

அண்ணா ரெண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. கியர் கணக்க பாத்ததுமே பாஸ் ஆசை போயிடுச்சு. 2018 தான், மாமா பையனுக்கு இப்பவே மெசேஜ் போட்டாச்சு, பெட்டில அடங்குமாடான்னா துணிய குறைச்சுக்கறேன்ங்கறான். பவர் எவ்ளோ கூடுச்சுன்னு பாக்க இப்ப பெங்களூர்ல ஒரு டைனோ (பவர் அளக்கற மெஷின் டெஸ்ட்) போட்டுட்டு, மாத்தினப்புறம் கோயமுத்தூர்ல ஒன்னு போடலாமா? அங்க தெரிஞ்சவங்க இருக்காங்க.

அரூர்_டு_டெட்ராய்ட்:

வேணாம் ப்ரோ. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல, கோயமுத்தூர் அதுல பாதி கூட இல்ல, காத்து அடர்த்தி வித்தியாசத்துலயே நாலஞ்சு சதவீதம் பவர் மாறும். அத திருத்தி தான் மெஷின் நம்பர் குடுக்கும், ஆனா மெஷினுக்கு மெஷினும் மாறும். ரெண்டு தடவையும் ஒரே மெஷின், முடிஞ்சா ஒரே மாதிரி க்ளைமேட். இல்லாட்டி மேனிஃபோல்ட் குடுத்ததா மலை குடுத்ததான்னே தெரியாது.

ஓசூர்_லேத்து:

மாட்டறப்ப ஒன்னு மட்டும் தம்பி. பழைய மேனிஃபோல்ட தூக்கறதுக்கு முன்னாடி அடில சுத்தி இருக்கற மண்ண ஏர் அடிச்சு எடுத்துரு, தூக்கின கையோட எட்டு போர்ட்லயும் சுத்தமான துணி அடைச்சுரு, நூல் பிரியாத துணி. ஒரு வாஷர் உள்ள விழுந்துச்சுன்னா ஹெட்ட கழட்டற வேலை. கேஸ்கெட் புதுசு தான், பழச தொடச்சு போடாத. பாடி ப்ளாஸ்டிக், போல்ட்ட கை பலத்துல முறுக்கினா விரிசல் விட்டுரும், நடுவுல இருந்து வெளிய வரிசையா டார்க் ரெஞ்ச்ல தான் போகணும். முடிச்சதும் ஸ்மோக் டெஸ்ட் (உள்ள புகைய விட்டு எங்க வெளிய வருதுன்னு பாக்கறது) ஒன்னு போட்டு லீக் இல்லன்னு பாத்துட்டு அப்புறம் ட்யூன ஏத்து. காத்து லீக்கோட ட்யூன் பண்ணா எல்லா நம்பரும் பொய். சாமான் வந்ததும் சிப்காட் பக்கம் வா, டார்க் ரெஞ்சும் ஸ்மோக் மெஷினும் நம்ம ஷாப்ல இருக்கு.

தோப்பூர்காரன்:

சரி சரி எல்லாரும் சேந்து பாஸ் 302ஐ பொதைச்சுட்டீங்க. கியர்பாக்ஸ் கணக்கு எனக்கு தோணல, ஒத்துக்கறேன். மேனுவல் வண்டி வச்சிருக்கறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பா, என்கிட்ட ஒன்னு புதுசா பெட்டி பிரிக்காம கெடக்கு, நல்ல விலைக்கு தர்றேன்.