வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நித்திரை இல்லை: கஞ்சா இனிப்பு சரிவருமா?

திருக்கடலூர்க்காரன்:

வணக்கம். பெயர் வேண்டாம், ஊர் சின்னது. வயது 43. திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஏழு மாதத்துக்கு முன் கொழும்பில் ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்தேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்களே, அதுதான். 134 கிலோவில் போனவன், இன்று காலை 98. பிரஷர் குளிசை ஒன்றை டொக்டரே நிறுத்திவிட்டார். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் சைக்கிளை உருட்டாமல் மிதித்தே ஏறுகிறேன். பகலில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரவுதான் பிரச்சினை. முன்பெல்லாம் கடையைப் பூட்டிக்கொண்டு ஒன்பதரைக்கு ஒரு கோழிக்கொத்து, கூடவே ஒரு பெரிய சோடா. சாப்பிட்டு முடிக்கும்போதே கண் சொருகும். அன்றைக்கு யார் ஏசினார்கள், வங்கிக் கடன் எவ்வளவு மிச்சம், மூத்தவளின் டியூஷன் காசை எங்கே புரட்டுவது, எல்லாம் அந்தக் கொத்துக்குள் அமுங்கிப் போய்விடும். இருபது வருடமாக நித்திரைக்குளிசையாகத்தான் கொத்தைச் சாப்பிட்டிருக்கிறேன் என்பது வயிற்றை வெட்டிய பிறகுதான் விளங்கியது.

இப்போது ஐந்து கரண்டிக்கு மேல் இறங்காது. கொத்துக்குப் பதிலாக ஒன்பது மணிக்கு ஒரு மோல்ட் பானம் குடிக்கிறேன், மனதுக்கு ஓர் ஆறுதல். பதினொரு மணிக்கு முன்னமே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கழுத்தெல்லாம் வியர்க்கும், ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரு பதகளிப்பு. பிறகு விடியப்புறம் மட்டும் முழிப்பு. இரண்டு மணிக்குப் படகு மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். குறட்டை நின்றதால் மனிசி மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறா. இந்தச் சத்திரசிகிச்சையில் முழு லாபம் அவவுக்குத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மாவின் மகன் கனடா ஸ்காபரோவில் இருந்து திருவிழாவுக்கு வந்திருக்கிறான். அங்கே கஞ்சா சட்டப்படி கடையில் விற்கிறார்கள். ஜெலி இனிப்பு மாதிரி ஒன்று கொண்டுவந்திருந்தான், பெட்டியில் 10 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. "அண்ணா, பாதி போடுங்கோ, பிள்ளை மாதிரித் தூங்குவீங்கள்" என்றான். பாதி போட்டேன். ஒரு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. சரி, என் உடம்புக்கு இது காணாது என்று மற்றப் பாதியையும் போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இதயம் நிற்கப்போகிறது என்று நினைத்து, குசினி நிலத்தில் மடிந்து இருந்து, மனிசியிடம் கடைச் சாவி எங்கே இருக்கிறது, யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்று சொல்லிமுடித்துவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி. ஆனால் நாலு மணித்தியாலம் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கியிருக்கிறேன். ஏழு மாதத்தில் அதுதான் நல்ல நித்திரை.

கேள்வி இதுதான். கால்வாசியாகக் குறைத்துப் போடலாமா? இல்லாவிட்டால் புகைத்தால் அளவு பிடிபடுமா? இதே சத்திரசிகிச்சை செய்தவர்கள் யாராவது பாவித்திருக்கிறீர்களா? புத்தி சொல்லுங்கோ, ஏசவேண்டாம். ஏச வீட்டில் ஆள் இருக்கிறது.

பழைய_மேளம்:

தம்பி, எங்கள் அப்புவின் காலத்தில் ஆட்டிறைச்சிக் கறிக்கு இரண்டு இலை கிள்ளிப் போடுவார்கள், ஒருவரும் சாகவில்லை. பரியாரியாரின் லேகியத்திலும் அது இருந்தது. இந்தக் காலத்தில்தான் எல்லாவற்றுக்கும் பயம். ஆனால் ஒன்று, அப்பு அந்தக் கறியைச் சாப்பிட்டால் ஒரு சட்டி சோறு கேட்பார். உமக்கு ஐந்து கரண்டிதானே இறங்கும்? அதை யோசித்துப் பாரும்.

வார்டு_அக்கா:

தம்பி, நான் 22 வருடமாகத் தாதி. சத்திரசிகிச்சை வார்டில்தான் பெரும்பகுதி. ஏசமாட்டேன், ஆனால் கொஞ்சம் நீளமாகக் கதைப்பேன்.

முதலில் அந்த இரவு. வாயால் போகும் கஞ்சா ஈரலைத் தாண்டித்தான் இரத்தத்தில் சேரும். ஏறுவதற்கு அரை மணியும் எடுக்கும், இரண்டு மணித்தியாலமும் எடுக்கும். ஈரல் அதை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றியும் விடும். அதனால்தான் "ஒன்றும் இல்லையே" என்று மற்றப் பாதியைப் போடுகிறவர்கள் மாட்டுப்படுகிறார்கள். நல்ல வயிறு உள்ளவர்களுக்கே அப்படி. உங்கள் இரைப்பை இப்போது ஒரு குழாய். சாப்பாடு முன்பைவிட வேகமாகக் குடலுக்கு இறங்கிவிடும். எவ்வளவு, எப்போது ஏறும் என்று பெட்டியில் உள்ள எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இந்தச் சாமான் கொஞ்சமாக இருந்தால் கண்ணைச் சொருகவைக்கும், கூடினால் அதுவே பதகளிப்பைக் கிளப்பும். உங்களுக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதைக் குசினி நிலத்தில் இருந்து கண்டுபிடிக்கவேண்டாம்.

புகை அறவே கூடாது. பீடியோ கஞ்சாவோ, வெட்டித் தைத்த இடத்துக்குப் புகை ஆகாது. இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கி நேரே குடலோடு இணைக்கிற சத்திரசிகிச்சை) செய்தவர்களுக்கு இணைப்பு இடத்தில் புண் வருவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று புகைத்தல். ஐபியூபுரோஃபன், டைக்குளோபினக் மாதிரி வலிக்குளிசைகளையும் தவிர்க்கச் சொல்வது அதே காரணத்துக்குத்தான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒன்பது மணிக்கு மோல்ட் பானம் என்றீர்களே, எத்தனை கரண்டி சீனி? குடித்து ஒன்றரை மணித்தியாலத்தில் படபடப்பு, நடுக்கம், வியர்வை என்றால், அது மனசு செய்கிற வேலையாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. இந்தச் சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு இனிப்பு விறுக்கென்று குடலுக்குப் போகும், இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும், ஒன்றிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் இரத்தச் சீனி கீழே விழும். அது விழும்போது வருவதும் பதகளிப்பும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஒரே மாதிரித்தான். வீட்டில் யாரிடமாவது சீனி பார்க்கும் மெஷின் இருந்தால், நெஞ்சு அடிக்கும்போது விரலைக் குத்திப் பாருங்கோ. 70க்குக் கீழே என்றால் எழுதிவைத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கோ.

இரும்பு, பி12, பி1, வைட்டமின் டி கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இரும்பு குறைந்தாலும் படபடக்கும், இரவில் கால் உளையும். இடையில் அடிக்கடி சத்தி எடுத்திருந்தால் பி1ஐ விடவே கூடாது, அது குறைந்தால் மூளையில் கைவைக்கும். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டீயை விடுங்கோ. நெஞ்செரிவால் முழிப்பு வருகிறதா என்றும் கவனியுங்கோ. ஸ்லீவ் செய்தவர்களுக்கு அது வழமை, படுக்கையின் தலைமாட்டை உயர்த்திப் பார்க்கலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இங்கே கஞ்சா வைத்திருப்பதே குற்றம். ஆயுள்வேத, சித்த மருந்து செய்வதற்கு அரசு வழியாகக் கிடைப்பது வேறு கதை. உங்கள் தம்பி கட்டுநாயக்காவைத் தாண்டியது அவனுடைய அதிர்ஷ்டம். அடுத்த முறை சொக்கிலேட்டோடு வரச் சொல்லுங்கோ.

திருக்கடலூர்க்காரன்:

அக்கா, மூன்று கரண்டி. பாலும் டின்பால். இதை எழுதும்போதே விடை தெரிந்துவிட்டது போல இருக்கிறது. மாமிக்குச் சுகர், மெஷின் அவவிடம் இருக்கிறது. ஏன் என்று கேட்காமல் தரமாட்டா, பரவாயில்லை.

இரத்தம் கடைசியாகப் பார்த்தது மூன்றாம் மாதக் கிளினிக்கில். ஆறாம் மாதக் கிளினிக்குக்கு நான் போகவில்லை. கொழும்புக்கு இரவு பஸ், ஒரு நாள் கடை பூட்டு, அதுதான் காரணம் என்று எல்லோருக்கும் சொன்னேன். இரண்டு கிலோ கூடியிருந்தது, அதுதான் உண்மை.

கன்னியாக்கிணறு:

தம்பி, நான் டொரோண்டோவில் இருக்கிறேன், பிறந்தது உப்புவெளி. 2017இல் பைபாஸ் செய்தேன். 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி இங்கே கஞ்சா சட்டமானது. உங்களுக்கு வந்த அதே நித்திரைப் பிரச்சினை எனக்கும் இருந்தது, கடை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். இரவில் ஒன்று புகைத்தேன். முதல் மூன்று மாதம் சொர்க்கம், பொய் சொல்லமாட்டேன்.

பிறகு ஒன்று காணாமல் போனது. இரண்டு. பிறகு மூன்று. பன்னிரண்டு மணிக்கு எழும்பிப் பாணும் சீனிச்சம்பலும் சாப்பிடத் தொடங்கினேன். சின்ன வயிற்றால் ஒரே தடவையில் சாப்பிட முடியாது, ஆனால் அரை மணிக்கு ஒரு துண்டு என்று விடியும் மட்டும் சாப்பிடலாம். 14 கிலோ திரும்பி வந்தது. சத்திரசிகிச்சை பசியை அடக்கிவைத்தது, நான் காசு கொடுத்து அதை எழுப்பினேன்.

அதற்குப் பிறகு சத்தி தொடங்கியது. காலையில் எழும்பினால் வயிற்றைப் பிசைந்துகொண்டு சத்தி. கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரில் நின்றால் மட்டும் அடங்கும். தாங்கி காலியாகும் மட்டும் நிற்பேன், மனைவி கதவைத் தட்டுவா. சின்ன வயதில் அம்மம்மா செத்து அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனபோது ஏழு கிணற்றிலும் வாளி வாளியாக அள்ளி ஊற்றுவார்களே, அந்தச் சூடு ஞாபகம் வரும். மூன்று முறை அவசர சிகிச்சைக்குப் போனேன். மூன்றாம் முறை ஒரு இளம் டொக்டர், "சுடுதண்ணீரில் குளித்தால் குறைகிறதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீண்ட நாள் கஞ்சா பாவிக்கிறவர்களுக்கு வருகிற சத்தி நோய் இது, சுடுதண்ணீர்தான் அதன் அடையாளம் என்றார். குழாய் விட்டுப் பார்த்ததில் இணைப்பு இடத்தில் புண்ணும் இருந்தது.

விட்டேன். அதிலும் ஒரு கொடுமை, விட்ட முதல் மூன்று கிழமை நித்திரையே இல்லை. வந்தால் விசர்க் கனவு. "பார்த்தாயா, கஞ்சா இல்லாமல் உன்னால் தூங்க முடியாது" என்று மண்டை சொல்லும். அது பழைய நோய் இல்லை, விடுகிற நோய். அதைத் தெரியாமல்தான் முதல் இரண்டு முறையும் திரும்பத் தொடங்கினேன்.

உங்கள் கொத்துக் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எனக்குப் புட்டும் மாட்டிறைச்சியும். டொக்டர்மார் வயிற்றை வெட்டுகிறார்கள், அந்தப் புட்டு செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வது என்று கேட்பதில்லை. எனக்கு அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, கதைப்பதற்கு. எட்டு மாதம் போனேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். எப்போதாவது மயக்க மருந்து கொடுக்கும் நிலை வந்தால் கஞ்சா எடுத்ததை மறைக்கவேண்டாம். மருந்தின் அளவு அதனால் மாறலாம் என்று எனக்குச் சொன்னார்கள்.

வார்டு_அக்கா:

கதைக்க ஆள் வேண்டும் என்றால் 1926க்கு எடுக்கலாம் தம்பி, தேசிய மனநல உதவி இலக்கம். நேரே போவதென்றால் ஆஸ்பத்திரி மனநல கிளினிக். மருந்து எழுதினால் ஸ்லீவ் செய்ததைக் கட்டாயம் சொல்லுங்கோ. சில மெதுவாகக் கரையும் குளிசைகளை மாற்றித் தரவேண்டியிருக்கும். சாராயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்போது ஒரு கிளாஸ் பழைய ஒரு கிளாஸ் இல்லை, மளமளவென்று ஏறும். கொத்து விட்ட இடத்தில் போத்தல் வந்து இருந்ததை வார்டில் கண்டிருக்கிறேன்.

திருக்கடலூர்க்காரன்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

முதல் இரவு 10.40க்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது, குத்தினேன், 56. மாமி பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "உனக்கும் சுகரா?" என்று அழத் தொடங்கிவிட்டா. அவவுக்கு விளங்கப்படுத்தத்தான் கூட நேரம் போனது. அடுத்த இரவு 61. இங்கேயுள்ள டொக்டர் ஒருவரிடம் எண்களைக் காட்டினேன். மோல்ட் பானத்தை நிறுத்தி, ஏழரைக்கு ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் மீன், எட்டரைக்குச் சீனி போடாத தயிர் இரண்டு கரண்டி என்று மாற்றினோம். அந்த நடுக்கம் இந்தக் கிழமை ஒருநாள்தான் வந்தது. அன்றைக்குக் கோயில் சர்க்கரைப் பொங்கல் வாயில் வைத்தேன், ஒளிக்க விரும்பவில்லை.

இரத்தப் பரிசோதனையில் இரும்பு குறைவு. பி12 முடிவு வரவேண்டும்.

ஆனால் இரண்டு மணி முழிப்பு அப்படியேதான் இருக்கிறது. சீனி 90, நெஞ்சு அமைதி, கண் மட்டும் திறந்தபடி. டொரோண்டோ அண்ணா சொன்னதுதான் அதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை மனநல கிளினிக்குக்குப் போகிறேன். மனிசிக்குச் சொல்லியிருக்கிறேன், மாமிக்குச் சொல்லவில்லை.

தம்பிக்காரன் போன கிழமை திரும்பிப் போய்விட்டான். போகும்போது மிச்சப் பெட்டியை என் லாச்சியில் வைத்துவிட்டுப் போயிருந்தான், அன்பாம். கடலில் எறியலாம் என்று கடற்கரை மட்டும் போனேன். மீன் சாப்பிட்டுவிடுமோ, அந்த மீனை நாளைக்கு நாங்கள் சாப்பிடுவோமோ என்று ஒரு யோசனை வந்து, வீட்டுக்கு வந்து கக்கூசில் போட்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். அப்போது மணி இரண்டே கால். முதல் படகு கிளம்பிவிட்டது.