விலை குறைந்த ரியர்செட் பொருத்திய பிறகு இறக்கத்தில் பின் பிரேக் இறுகிவிடுகிறது: உதவி தேவை

கேள்வி (லிந்துலை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பின்புறமும் டிஸ்க் பிரேக் உள்ள பல்சர் என்எஸ் 200. தோட்டப் பாதையில் வண்டி சரிந்தபோது வலது பக்க ஃபுட்ரெஸ்டைத் தாங்கும் தகடு வெடித்துவிட்டது. அசல் பாகம் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் கிடைக்காததால், ஒன்லைனில் அதைவிட விலை குறைந்த ரியர்செட் (கால் வைக்கும் இடத்தைச் சற்றுப் பின்னாலும் மேலாகவும் நகர்த்தும் பாகத் தொகுதி) ஒன்றை வாங்கினேன். இரு பக்கத் தகடுகள், பிரேக் பெடல், கியர் லீவர், ஃபுட்ரெஸ்டுகள் என எல்லாமே அலுமினியத்தில் செய்யப்பட்டு ஒரே பெட்டியில் வந்தன. துளைகள் சரியாகவே பொருந்தின. எதையும் வெட்டவோ ராவவோ வேண்டியிருக்கவில்லை.

சமதரையிலும் ஏற்றத்திலும் வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது, பின் பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைப் போல் இறுகி, காலை எடுத்த பிறகும் பின் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஓரமாக நிறுத்தித் தள்ளிப் பார்த்தால் வண்டி நகர மறுக்கிறது. டிஸ்கிலிருந்து கருகிய வாடை வருகிறது. சற்று நேரம் ஆற விட்டால் தானாகவே விடுபட்டுவிடுகிறது. பின்னால் வந்த நண்பர் ஒருவர், நான் பிரேக் பிடிக்காத இடங்களிலும் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருந்ததாகச் சொன்னார்.

இது தவிர, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு ஏற்றும்போது பல தடவைகள் இடையில் நியூட்ரல் போல விழுகிறது. இறக்குவதில் பிரச்சினை இல்லை. செட்டையே கழற்றி எறிந்துவிட வேண்டுமா, அல்லது சரிசெய்யக்கூடிய விடயமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஹட்டன்)

தம்பி, முதலில் இதைச் சரிசெய்யும் வரைக்கும் அந்த வண்டியை எந்த இறக்கத்திலும் ஓட்ட வேண்டாம். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரம்பொடை, புஸ்ஸல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பாதையில், வளைவுக்கு வளைவு பிரேக்கை நம்பித்தான் வர வேண்டியிருக்கும். ஈரத் தாரில் பின் சக்கரம் தானாக இறுகினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எனக்கு முதல் சந்தேகம், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் ரொட் மீதுதான். பெடலிலிருந்து காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்க வேண்டும். அப்போதுதான் ஒயில் டப்பாவுக்கும் பிரேக் குழாய்க்கும் இடையில் உள்ள மிகச் சிறிய துளை திறக்கும். பிரேக் சூடாகும்போது உள்ளே விரிவடையும் ஒயில் அந்தத் துளை வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. ரொட் சிறிதளவு நீளமாக இருந்து பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருந்தால், அந்தத் துளை மூடியே கிடக்கும். சூடேறிய ஒயிலுக்குத் திரும்பும் வழி இல்லாததால் அது பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்துகிறது. அந்த உராய்வால் மேலும் சூடேறுகிறது. கடைசியில் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. ஆறினால் விடுபடுவதும், ஏற்றத்தில் வராமல் இறக்கத்தில் மட்டும் வருவதும், பிரேக் லைட் அணையாமல் இருப்பதும் இதனோடு ஒத்துப்போகின்றன.

சந்தேகத்தோடு நிற்காமல் இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி, பின் பிரேக்கைத் திரும்பத் திரும்பப் பிடித்து, சக்கரம் இறுகும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு பின் சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டில் ஏற்றி, மாஸ்டர் சிலிண்டரைத் தகட்டோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களையும் சில சுற்றுகள் மட்டும் தளர்த்துங்கள். உடனே சக்கரம் சுழன்றால் குற்றம் ரொட்டின் நீளத்தில் இருக்கிறது. சுழலாவிட்டால், பேடுகளை டிஸ்கில் அழுத்தும் கலிப்பரில் உள்ள, காற்று எடுக்கும் திருகாணியை ஒரு சிறு குழாய் மாட்டிக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஒயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் குழாய்க்குள்ளேயோ சிலிண்டருக்குள்ளேயோ அடைபட்டிருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் கலிப்பரின் பிஸ்டனோ அது நகரும் பின்களோ துருப்பிடித்திருக்கின்றன. அப்படியானால் புதிய செட்டைக் குறை சொல்ல முடியாது. ஒயில் சூடாக இருக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம். பெயின்ட் மீது பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

பதில் (பண்டாரவளை)

ஹட்டன் அண்ணன் சொன்னதோடு இன்னொன்றையும் பாருங்கள். ரியர்செட்டில் ஃபுட்ரெஸ்ட் சற்றுப் பின்னாலும் மேலாகவும் போய்விடுவதால் பாதத்தின் சாய்வு மாறிவிடுகிறது. பெடலின் உயரத்தை அதற்கேற்ப இறக்காவிட்டால், சப்பாத்தின் முன்பகுதி நமக்குத் தெரியாமலே பெடலின் மேல் அமர்ந்துவிடும். இறக்கத்தில் உடல் பாரம் முன்னுக்குச் சாயும்போது இது இன்னும் அதிகமாகும். வழமையாகப் போடும் சப்பாத்தோடு வண்டியில் உட்கார்ந்து, பெடலுக்கும் சப்பாத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கியர் விழாமல் போவதற்குப் பெரும்பாலும் இணைப்பு ரொட்டின் கோணமே காரணமாக இருக்கும். எஞ்ஜினிலிருந்து வெளியே வரும் தண்டில் ஒரு சிறு கை இருக்கிறது அல்லவா? லீவர் ஓய்வில் இருக்கும்போது அந்தக் கைக்கும் ரொட்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட செங்கோணம் இருக்க வேண்டும். கோணம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தேவையான கால் அசைவு சமமாக இருக்காது. உங்களுக்கு ஏற்றும் பக்கம் குறைவாகக் கிடைப்பது போலத் தெரிகிறது. இரு முனைகளிலும் உள்ள லொக் நட்களைத் தளர்த்திவிட்டு ரொட்டை மட்டும் திருப்பினால் நீளம் மாறும். ஆனால் ஒரு முனையின் மரை இடப்பக்க மரை என்பதால், அந்த நட் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கழலும். அது தெரியாமல் முறுக்கி மரையை அழித்தவர்களைக் கராஜில் நிறையப் பார்க்கிறேன். நீளத்தைச் சரிசெய்த பிறகு, எட்டு மில்லிமீட்டர் அளவுக்காவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும். கோணம் அப்போதும் சரிவராவிட்டால் கையைக் கழற்றித் தண்டின் பல்லில் ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். கையைத் தலைகீழாக மட்டும் மாட்டிவிட வேண்டாம். கியர் வரிசையே எதிர்மாறாகிவிடும்.

பதில் (பதுளை)

நான் இதற்கு உடன்படவில்லை. எவ்வளவு சரிசெய்தாலும் மலிவுச் சாமான் மலிவுச் சாமான்தான். சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரத்தில் கடைந்தது) என்று எழுதி விற்பவற்றில் பல, வார்ப்பு அலுமினியத்துக்குக் கறுப்புப் பூச்சு அடித்தவை. விழுந்தால் வளையாது, நேராக உடையும். கால் வைக்கும் இடமே உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அசல் பாகத்துக்குச் சொல்லி வைத்து, வரும் வரை பஸ்ஸில் போவது நல்லது என்பதே என் கருத்து.

பதில் (ஹட்டன்)

பதுளை நண்பரின் கவலை நியாயமானது. ஆனால் விலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை விட, கையில் இருக்கும் பொருளைப் பார்த்துச் சொல்வது மேல். தகட்டின் பின்புறத்தை, பூச்சு மெல்லியதாக இருக்கும் ஓரத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இயந்திரத்தில் கடைந்தெடுத்த தகட்டில் கருவி ஓடிய நுண்ணிய கோடுகள் ஒழுங்காகத் தெரியும். வார்ப்பில் சொரசொரப்பும், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த மெல்லிய கோடும் தெரியும். அப்படி வார்ப்பாக இருந்தால் நானும் கழற்றிவிடத்தான் சொல்வேன்.

அடுத்து, ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி மடங்குகிறதா? பந்தய வண்டிக்குரிய மடங்காத வகையாக இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். நம் பக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போது மடங்காத ஃபுட்ரெஸ்ட் தாரில் ஊன்றிப் பின் சக்கரத்தைத் தூக்கிவிடும். வண்டி நின்ற இடத்தில் விழுந்தாலும் அடி முழுவதும் சேசிஸில் உள்ள மரைக்குப் போகும். தகடு உடைந்தால் தகட்டை மாற்றலாம். சேசிஸ் மரை போனால் வெல்டிங் வரை போக வேண்டியிருக்கும்.

போல்ட்களின் தலையில் 8.8 என்ற வலிமைத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவுச் செட்களில் எனக்கு நம்பிக்கை இல்லாத பகுதி அதுதான். எண் இல்லாதவற்றை ஒதுக்கிவிட்டு, போல்ட் நட் கடையில் அதே நீளத்தில் புதியவை வாங்குங்கள். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தை வரை போக வேண்டியதில்லை. ஹட்டன் நகரிலேயே கிடைக்கும். எட்டு மில்லிமீட்டர் போல்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதுமானது. உங்கள் வண்டிக்கான கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மரையில் நீல நிறப் பசை ஒரு துளி விட்டால் அதிர்வுக்குக் கழலாது.

கேள்வி கேட்டவர் (லிந்துலை)

சொன்னபடியே சோதித்தேன். மாஸ்டர் சிலிண்டரின் போல்ட்களைத் தளர்த்திய உடனே சக்கரம் டக்கென்று விடுபட்டுச் சுழன்றது. பிறகு உற்றுப் பார்த்ததில் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பெடல் மேலே எழும்பும்போது தகட்டில் அடித்திருக்கும் ஒரு சிறு பின்னில் முட்டி நிற்கிறது. அந்தப் பின் இருக்கும் இடத்தில் பெடல் நிற்கும்போதே ரொட் பிஸ்டனை அழுத்திக்கொண்டிருந்தது. ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி ரொட்டை விரலால் அசைத்தேன், இம்மியளவும் அசையவில்லை.

லொக் நட்டைத் தளர்த்தி ரொட்டைக் குறுக்கினேன். இப்போது விரலால் அசைத்தால், பிஸ்டனைத் தொடுவதற்கு முன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறது. பிரேக் லைட் சுவிட்சையும் அதற்கேற்ப நகர்த்தினேன். காலை எடுத்ததும் அணைகிறது. கியர் ரொட்டைச் செங்கோணத்துக்குக் கொண்டு வந்ததும் மூன்றாவது கியர் சுத்தமாக விழுகிறது. தகட்டின் பின்புறத்தில் கடைந்த கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன, ஃபுட்ரெஸ்டும் மடங்குகிறது. போல்ட்களில் எண் எதுவும் இல்லாததால் அனைத்தையும் மாற்றிவிட்டேன். இனி இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாமா?

பதில் (ஹட்டன்)

அதற்கு முன் பிரேக் ஒயிலை மாற்றிவிடுங்கள். டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். நம் பக்கத்து மழையிலும் மூடுபனியிலும் ஒயில் ஈரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உங்களுடையது சூடும் பட்டிருக்கிறது. பழைய ஒயில் கொதித்து உள்ளே குமிழி உண்டானால், அடுத்த முறை பெடல் இறுகாது, அடி வரை வெறுமையாகப் போய்விடும். அது இதை விடப் பயங்கரமானது. பேடுகளின் முகம் கண்ணாடி போல மினுங்கினால் அவற்றையும் மாற்றுங்கள். டிஸ்க் நீலம் பாய்ந்து வளைந்திருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

பிறகு முதலில் தலவாக்கலைப் பக்கம் ஒரு சிறிய இறக்கத்தில், கியரைக் குறைத்து எஞ்ஜின் பிடிப்பில் இறங்கி, இடையிடையே நிறுத்திச் சக்கரம் தாராளமாக உருள்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். டிஸ்கைத் தொட வேண்டாம். பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினாலே சூடு தெரிந்துவிடும். அது சரியாக இருந்தால் ரம்பொடைப் பாதைக்குப் போகலாம்.

பதில் (பதுளை)

இவ்வளவு பார்த்து மாற்றிய பிறகு எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெடலும் லீவரும் சுழலும் இடத்தில் பெயரிங் இல்லாமல் வெறும் பித்தளைப் புஷ் இருந்தால், மழைக்காலத்தில் அடிக்கடி கிரீஸ் வையுங்கள். அங்கே உலர்ந்து சிக்கினாலும் பெடல் திரும்பி வராமல் இதே கோளாறு வரும். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாப் போல்ட்களையும் ஒரு முறை இறுக்கிப் பார்த்து, தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால், ஸ்பெனரை எடுக்காமலே போல்ட் கழல்வது தெரிந்துவிடும்.