மாமா கழித்துப்போட்ட படக்கதைப் பக்கங்களை என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தாய்மாமா எண்பதுகளில் சின்னப் பத்திரிகைகளுக்குப் படக்கதை வரைந்தவர், போன வருடம் தவறிவிட்டார். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினால் பதினோரு நோட்டும், கழித்துப்போட்ட பக்கங்கள் ஒரு கட்டும் இருக்கின்றன. 2018 கஜா புயலில் ஓடு பறந்தபோது நனைந்தது, நாலு நோட்டு அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. ஒரே கதையின் முதல் பக்கத்தை ஆறு தடவை வரைந்திருக்கிறார் மனுஷன். அத்தை, "அச்சானதுதான் இருக்கே, வேண்டாம்னு கழிச்சது எதுக்குடா, பேப்பர்காரன்கிட்ட போடு" என்கிறார். நல்ல படங்களை மட்டும் பிரித்து, கதைவாரியாக அடுக்கி லேமினேட் பண்ணலாமா?

பழைய அச்சாபீஸ், கும்பகோணம்:
தம்பி, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, தாள் அதோடு போச்சு. அடுக்கவும் வேண்டாம், பெட்டியில் இருந்த வரிசையிலேயே முதலில் போன் கேமராவில் எடுத்துவிடுங்கள், எதற்குப் பின்னால் எது இருந்தது என்பதே பாதி சரித்திரம். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேபிள் பின்னைப் பார்த்துக் கழற்றுங்கள். ஒட்டின நோட்டை இழுக்காதீர்கள், தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஏடு, பழைய தாள்களைச் செப்பனிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நேரில் போய்க் காட்டிக் கேளுங்கள். அப்புறம் வெளிர்நீலப் பென்சில் கோடு தென்பட்டால் அழித்துச் சுத்தம் செய்கிறேன் என்று ரப்பரை எடுத்துவிடாதீர்கள். அச்சுப் பிளேட்டுக்குப் படம் எடுக்கும்போது அந்த நீலம் விழாது என்பதால் தெரிந்தேதான் அதில் போடுவார்கள்.

கோரைப்பாய்:
அந்த ஆறு பக்கங்கள்தான் புதையல். பாயில் வரிசையாக விரித்து, படத்தைப் பார்க்காமல், வசனம் எழுதுகிற பலூனை மட்டும் பாருங்கள். நம் ஆட்கள் பேசுகிற வசனம் நீளம், எழுத்தும் அகலம், பலூன் வீங்கி கதாநாயகன் தலையைத் தின்னும், உடனே ஆளைக் கீழே இறக்கணும், பின்னால் இருக்கிற கோபுரம் போயிடும். கழித்ததெல்லாம் மோசமான படம் என்று நினைக்காதீர்கள், அச்சில் பக்கம் எட்டெட்டாக, பதினாறு பதினாறாக மடிவதால் ஒரு பக்கம் மிஞ்சினால் நல்ல பக்கமே பலியாகும். டின்டின் படக்கதைகளை வரைந்த எர்ஜே 1983இல் இறந்தபோது பாதியில் விட்ட கதையை, 1986இல் அந்தப் பென்சில் கிறுக்கலாகவே புத்தகம் போட்டார்கள். டின்டினைத் துப்பாக்கி முனையில் கூட்டிப்போகிற இடத்தில் அப்படியே நிற்கும். மை போட்டு முடித்த ஆல்பங்களைவிட எனக்கு அதில்தான் அவர் கை தெரிகிறது, இதை என் நண்பர்கள் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, விரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான், முதல் தடவை வரைந்ததில் கோயில், தெப்பக்குளம், படித்துறை எல்லாம் இருக்கிறது, ஆறாவதில் படித்துறை மட்டும்தான் மிச்சம். ஓரத்தில் "வசனம் குறை" என்று எழுதி மூன்று தடவை அடிக்கோடு வேறு. பின்பக்கத்தில் குறுவை நடவுக் கூலிக் கணக்கு.

ஒரு சந்தேகம். நாலாவது பக்கத்தில் பலூன் இருந்த இடமெல்லாம் வெறும் பசைக்கறை. பெட்டியடியில் ஒரு பழுப்புக் கவர், அதற்குள் வெட்டின வசனத்துண்டுகள் நாற்பது ஐம்பது கிடக்கின்றன. எது எந்தப் பக்கத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய அச்சாபீஸ், கும்பகோணம்:
ஒட்டாதீர்கள். பசைக்கறையின் வடிவத்தோடு துண்டின் ஓரம் பொருந்துகிறதா என்று மேலே வைத்துப் பார்த்துப் படம் மட்டும் எடுங்கள். எழுத்து மாமாவுடையதுதானா?

வெண்ணாற்றங்கரை:
அதைத்தான் சொல்ல வந்தேன். கவரைப் பிரித்ததும் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்குக் கையெழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்குமாம், வசனமெல்லாம் எழுதினது அத்தையாம், இத்தனை வருடத்தில் எங்கள் யாருக்கும் தெரியாது. இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது ரெண்டாம் பக்கம், இது அந்தப் படகுக்காரன் பேசுறது" என்று அவரே பிரித்து வைக்கிறார். பதினேழு துண்டு முடிந்தது. பேப்பர்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.