பத்தி கோவையாக வர 'மேலும்', 'எனவே' போதுமா?

கேள்வி:
கட்டுரையில் வாக்கியங்கள் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. இணைப்புச் சொற்களைச் சேர்த்த பிறகும் அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பத்தியில் எங்கே தப்பு?

"செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினோம். மேலும் இலைகள் மஞ்சளாயின. எனவே வேர்கள் அழுகியிருந்தன. மேலும் தொட்டியில் துளை இல்லை."

பதில் 1:
சொல்லைத் தேடும் முன், இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன உறவு என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளானது எதிர்பாராதது. அங்கே 'மேலும்' பொருந்தாது. முன்பு சொன்னதோடு அதே வகைச் செய்தி இன்னொன்று சேரும்போதுதான் அது வரும். 'எனவே'க்குப் பின் விளைவு வர வேண்டும். நீங்கள் காரணத்தை வைத்திருக்கிறீர்கள்: வேர் அழுகியதால்தானே இலை மஞ்சளானது? படிப்பவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தமிழில் இணைக்கும் வேலையில் பெரும்பகுதியை வினைச்சொல்லே பார்த்துக்கொள்ளும்:

"செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைகள் மஞ்சளாயின. தொட்டியில் துளை இல்லாததால் நீர் தேங்கி வேர்கள் அழுகியிருந்தன."

நான்கு வாக்கியங்கள் இரண்டாகிவிட்டன. தனி இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் காரணமும் விளைவும் தெளிவாக இருக்கின்றன.

பதில் 2:
சரிதான். ஆனால் எல்லாவற்றையும் எச்சமாக்கி ('ஊற்றியும்', 'தேங்கி' போல முற்றுப்பெறாத வினையாக்கி) கோத்துக்கொண்டே போனால் யார் எதைச் செய்தார் என்பது தொலைந்துவிடும். ஒரு வாக்கியத்தில் மூன்று எச்சங்களுக்கு மேல் வந்தால் அங்கே முற்றுப்புள்ளி வைத்து, அடுத்ததை 'இதனால்' அல்லது 'ஆனால்' என்று தொடங்குவது நல்லது.

இன்னொன்று, இரட்டை இணைப்பு. "ஏனென்றால் துளை இல்லாததால்", "தாமதமானாலும் ஆனால் முடிந்தது" என்றெல்லாம் நிறையப் பேர் எழுதுகிறார்கள். '-ஆல்' காரணத்தையும் '-ஆலும்' முரணையும் ஏற்கெனவே சொல்லிவிட்டன. இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி, புரிந்தது. ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்குப் போகும்போது?

பதில் 1:
முந்தைய பத்தியின் முக்கியச் செய்தியை ஒரு பெயர்ச்சொல்லாகச் சுருக்கி, அதற்கு முன் 'இந்த' போடுங்கள். உங்கள் கட்டுரையில் அடுத்த பத்தி "இந்த அழுகலைத் தடுக்க…" என்று தொடங்கலாம். வெறுமனே "இதைத் தடுக்க" என்றால் அழுகலையா, மஞ்சளாவதையா என்று படிப்பவர் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

எழுதி முடித்ததும் இணைப்புச் சொற்களை ஒவ்வொன்றாக மறைத்துப் படித்துப் பாருங்கள். எதை மறைத்தாலும் பொருள் குறையவில்லையோ, அது வேண்டாத சொல். 'மேலும்' பெரும்பாலும் இதில்தான் விழும்.